மூணாவது தரம்

ஒரு தரம் சொன்னான். ரெண்டு தரம் சொன்னான்.
மூணாவதற்கு வாய் திறக்கவில்லை.
உறைபனியில் மாட்டிய டிராக்டர் கதவு மாதிரி
பாதியில் நின்றது தாடை.
ஏலக் கொட்டகையில் இருநூறு தொப்பிகள்.
வளையத்துக்குள் ஆர்லன் ப்ரோஷின் கறவைகள்,
கடைசிப் பதினெட்டு.
தூக்கிய சுத்தி இறங்கவில்லை.

டெல்மரின் வாயை
லூப் ஆற்றங்கரை முழுக்கத் தெரியும்.
ஒரு மூச்சில் நாற்பது எண் சொல்லும் வாய்.
அதன் ராத்திரி எனக்கு மட்டும் தெரியும்:
கரகரவென்று, காலி இயந்திரத்தில் சோளம் அரைப்பதுபோல்.
தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு
இன்றைக்கு யாருடைய பண்ணை என்று யோசிப்பேன்.
வங்கியிலிருந்து போன் வந்த நாளென்றால்
விடியும்வரை அரைப்பான்.
பகலில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்ததெல்லாம்
ராத்திரியில் மாவாகும்.

பல் டாக்டர் இங்கா ஓபெர்க்
சந்தைக்கு வந்த மாட்டைப் பார்ப்பதுபோல்
பல்லைப் பிடித்துப் பார்த்தாள்.
விரல்களை அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொன்னாள்.
ஒரு விரல் போனது. ரெண்டு விரல் போனது.
மூணாவது போகவில்லை.
காதுக்கு முன்னால் மூட்டில் கைவைத்தபோது
ஆறடி மனுஷன் நாற்காலியோடு எழுந்தான்.

ராத்திரிக்கு ஒரு கடிவாளம் செய்து கொடுத்தாள்,
கண்ணாடிபோல் கெட்டியாய்.
திங்களன்று கச்சிதமாய் உட்கார்ந்தது
வெள்ளிக்கிழமை ஆடியது.
ராவினாள். மறுபடி ஆடியது. மறுபடி ராவினாள்.

எதிர்ச்சாரியில் கைரோபிராக்டர் வேட் ஹோலப்.
அவருக்கு இவள் வைத்த பெயர் சொடக்குக்காரன்.
இவளுக்கு அவர் வைத்த பெயரை நான் எழுதமாட்டேன்.
பத்தொன்பது வருஷம் ஒரே தெரு,
ஒரே தபால்காரி, ஒரு வணக்கம் கிடையாது.
என் புருஷனின் வாயை பிளாஸ்டரில் வார்த்து
கையில் எடுத்துக்கொண்டு
ஒரு மத்தியானம் அவளே தெருவைக் கடந்தாள்.

ஹோலப் வார்ப்பைப் பார்க்கவில்லை.
டெல்மரின் கழுத்தைத்தான் பார்த்தார்.
"பெரிய கைகள் எந்தப் பக்கம் உட்காரும்?"
இடப்பக்கம்.
முப்பத்தொரு வருஷம் இடப்பக்கமே திரும்பி
தூக்கிய விரல்களைத் தேடிய தலை.
"கதவை இழைத்துக்கொண்டே இருக்கிறீர்கள், டாக்டர்.
சாய்ந்திருப்பது நிலை."
அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
பென்சில் கேட்டாள்.

அப்புறம் வியாழக்கிழமைகள்.
முதலில் கழுத்து. அரைமணிக்குள் பல்.
நடுவில் பல்லும் பல்லும் தொடக்கூடாது,
தொட்டால் பழைய கடி திரும்பிவிடுமாம்.
ரெண்டு கடைவாயிலும் பஞ்சுச் சுருளோடு
டெல்மர் தெருவைக் கடப்பான், பேச்சில்லாமல்.
நாலு நிமிஷம்.
கல்யாணமான நாளிலிருந்து
அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.
யாராவது கூப்பிட்டால் ஒரு விரலைத் தூக்குவான்.
முதல்தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது:
இவனும் கேட்கிறான், ஏதோ ஒரு விலைக்கு.

மார்ச் மாதம், சேறும் பனியும் கலந்த ஒரு வியாழன்.
நடுத்தெருவில் ஆர்லன் ப்ரோஷ்.
வேறொருவன் வந்து அடித்த சுத்தியில்
அந்தப் பதினெட்டும் அன்றைக்கே போய்விட்டன.
ஓடி ஒளிய டெல்மருக்கு வாயில்லை,
வானிலை பேச வாயில்லை.
பஞ்சோடு நின்றான்.
ஆர்லன்தான் பேசினான், ரொம்ப நேரம்.
காருக்குள் இருந்த எனக்குக் கேட்கவில்லை.
ஒரு பிக்கப் நின்று, காத்து, சுற்றிக்கொண்டு போனது.
கடைசியில் டெல்மர் விரலைத் தூக்கினான்.
ஆர்லன் அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
தன் விரலையும் தூக்கினான்.

அன்றைக்கு அரைமணி தாண்டிவிட்டது என்று
ஓபெர்க் திட்டினாள்.
நீலத்தாளைக் கடிக்கவைத்துப் பார்த்தாள்,
ரெண்டு பக்கமும் ஒரே அளவு புள்ளிகள்.
மூணாவது விரல் போனது. நகம்வரைக்கும்.

ராத்திரி நான் விழித்துக்கொண்டேன்.
எதனால் என்று தெரியவில்லை முதலில்.
சத்தமில்லாததால்.

முழுசாய் குணம் என்று சொல்லமாட்டேன்.
கொட்டாவி விட்டால் இடப்பக்கம் இன்னும்
ஒரு சொடக்கு.
பண்ணை ஏலங்களுக்கு இப்போது போவதில்லை,
பழைய டிராக்டர், நாற்காலி, மெத்தை, இவைதான்.
அதற்கும் மூணாவது தரம் சொல்லுமுன்
ஒரு கணம் நிறுத்துகிறான்.
கொட்டகையில் எல்லோரும் அதை
தந்திரம் என்று நினைக்கிறார்கள்.